“கயிற்றை அவிழ்த்து விடட்டுமா மேடம்?” – வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

வளர்ப்புப் பிராணிகளைப் போட்டோ எடுப்பது என் தொழில். போன தைப்பொங்கல் அன்று ஸ்டூடியோ ஷட்டரை இறக்கியவள், இந்தப் பொங்கல் வரைக்கும் ஏற்றவே இல்லை. ஒரு வருஷம் முழுக்க வெளியில் மட்டும்தான் படம், நாலு சுவருக்குள் ஒன்றுகூடக் கிடையாது என்று ஒரு வீம்பு. கடற்கரை, வயல், மலை, மொட்டைமாடி என்று நாய், பூனை, மாடு, ஆடுகளோடு அலைந்த கதையைச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். சிலர் பெயர் போட வேண்டாம் என்று எழுதியிருந்ததால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

ஸ்டூடியோவில் ஏசி, விளக்கு, பின்திரை எல்லாம் இருக்கும்போது வெயிலில் அலைவானேன்? – வாசகர், வேளச்சேரி

விளக்கும் திரையும் எனக்கு வசதி, நாய்க்கு அல்ல. ஸ்டூடியோ டைல்ஸில் கால் வழுக்கும், ஃபிளாஷ் வெடித்த முதல் நொடியிலேயே காது பின்னால் போய்விடும். பழைய படங்களை ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டு, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்த்துக்கொண்டு, இல்லையென்றால் கொட்டாவி விட்டுக்கொண்டு. இதெல்லாம் தூக்கம் வந்தோ பசித்தோ செய்வதில்லை, பயத்தில் செய்வது. வாயைத் திறந்து மூச்சு வாங்குவதை “பாருங்க, சிரிக்கிறான்” என்று சொல்லி நாங்களும் ஃப்ரேம் போட்டுக் கொடுத்திருக்கிறோம். அதைப் பார்த்த பிறகு ஷட்டரை இறக்காமல் என்ன செய்வது?

என்னிடம் இருப்பது கறுப்பு நாட்டு நாய். போனில் எடுத்தால் வெள்ளைச் சுவர் முன்னால் ஒரு கரிக்கட்டி மாதிரிதான் வருகிறது. கண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. – வாசகி, மதுரை

சிக்கல் நாயில் இல்லை, அந்தச் சுவரில். கேமராவும் போனும் எதிரில் இருப்பதைக் கூட்டிக் கழித்து நடுத்தரமான சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். ஃப்ரேமில் முக்கால்வாசி வெள்ளைச் சுவர் என்றால், “ஐயோ வெளிச்சம் அதிகம்” என்று நினைத்து எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். ஏற்கெனவே கறுப்பாக இருக்கும் உங்கள் பிள்ளை மொத்தமாகக் காணாமல் போய்விடுவான். அதே நாயை ஃப்ரேம் முழுக்க அடைத்து எடுத்துப் பாருங்கள், தலைகீழாக நடக்கும். இருட்டு அதிகம் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டி, கறுப்பு நாயைச் சாம்பல் பூசினது மாதிரி ஆக்கிவிடும்.

ஆகவே முதலில் சுவரை விட்டு நகருங்கள். செடி, மண், பழைய மரக்கதவு, இந்த மாதிரிப் பின்னணி போதும். அப்புறம் நாயைத் திறந்த நிழலில் உட்கார வையுங்கள். அதாவது வேப்பமர நிழலின் ஓரம் மாதிரி, தலைக்கு மேல் வெயில் விழாமல், ஆனால் முகம் வெளிச்சமான வானத்தைப் பார்க்கிற இடம். கறுப்பு முடி கண்ணாடி மாதிரி, வானத்தைப் பிரதிபலிக்கும். அப்போதுதான் தாடையும் நெற்றியும் தனித்தனியாகத் தெரியும், கண்ணுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத கறுப்பு நாய்ப் படத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. போனில் நாயின் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் வைத்துவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலேயோ கீழேயோ இழுத்து வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். வேலை முடிந்தது.

வெள்ளை நாய் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம், உங்களுக்கும் இதே வம்புதான், தலைகீழாக. பத்து மணி வெயிலில் ஒரு ராஜபாளையத்தை நிறுத்தினால் முதுகில் முடியே தெரியாது, சுண்ணாம்பு அடித்த திண்ணை மாதிரி இருக்கும்.

பெசன்ட் நகர் பீச்சில் எங்கள் நாயை ஓடவிட்டுப் படம் எடுக்க ஆசை. எந்த நேரம் நல்லது? கயிற்றை அவிழ்த்து விடலாமா? – வாசகர், திருவான்மியூர்

நேரம் சொல்வது சுலபம். சூரியன் கடலில் உதிக்கிற ஊர் நம்முடையது, அதனால் விடிந்து முதல் ஒரு மணி நேரம். ஏழரைக்கு மேல் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நான் ஒரு கதை சொல்லியாக வேண்டும், சென்ற இதழில் வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிட்டேன். மாசி மாதம், ஈ.சி.ஆர். பக்கம் ஒரு கடற்கரை. ஒன்றரை வயசு சிப்பிப்பாறை, அம்பு மாதிரி உடம்பு. “கயிற்றை அவிழ்த்து விடட்டுமா மேடம்? கூப்பிட்டா வந்துடுவான்” என்றார் வீட்டுக்காரர். எனக்கும் கயிறு இல்லாமல் நாலு காலும் தரையில் படாத ஒரு படம் வேண்டும் என்று பேராசை. சரி என்று தலையாட்டினேன். மூன்று ஃப்ரேம் கிடைத்தது. நாலாவதில் நாயின் வால்தான் இருந்தது. தூரத்தில் ஒரு காக்கை எழும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடுகிற இனம். முயலைத் துரத்தவென்று தலைமுறை தலைமுறையாக வளர்த்தது. எதிரில் ஒன்று ஓடிவிட்டால் காது வேலை செய்யாது, பெயர் சொல்லிக் கூப்பிடுவதெல்லாம் காற்றோடு போய்விடும். நாங்கள் இரண்டு பேரும் மணலில் மூச்சு வாங்க ஓடி, ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து அடுத்த குப்பத்தில் கண்டுபிடித்தோம். வலைக்குவியல் மேல் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்திருந்தது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி சின்னச் சின்ன மீனாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். “உங்க நாயா? கயிறு இல்லையா?” என்று அவர் கேட்டதற்கு எனக்குப் பதில் வரவில்லை. தப்பு வீட்டுக்காரருடையது அல்ல, என்னுடையது. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் நான்தான்.

அன்றிலிருந்து பையில் பத்து மீட்டர் நீளக் கயிறு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. ஒருமுனை மார்போடு சேர்த்துக் கட்டுகிற ஹார்னஸில், மறுமுனை ஒரு ஆள் கையில். கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள், இந்த இன நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு, பின்னால் இழுத்தால் பட்டை வழுக்கிக்கொண்டு வந்துவிடும். படத்தில் கயிறு தெரியுமே என்றால், தெரியட்டும், பிற்பாடு அழித்துக்கொள்ளலாம். கேமராவை அசைக்காமல் நாய் இல்லாத வெறும் மணலை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், அந்த மணலை எடுத்து கயிற்றின் மேல் ஒட்டிவிடலாம். கம்ப்யூட்டர் தெரிந்த பத்தாம் வகுப்புப் பையன் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவான்.

கடற்கரையில் அவிழ்க்காமல் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் ராத்திரியில் ஏறிவந்து மணலில் குழி தோண்டி நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். சென்னையில் மாணவர்கள் 1988-லிருந்து அந்த மாதங்களில் ராத்திரி ராத்திரியாகக் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றி வருகிறார்கள். அவர்கள் கண்ணில் படாமல் தப்பிய ஒரு குழியை நாய் தோண்ட ஐந்து நிமிஷம் ஆகாது. உங்கள் நாய் நல்லவன்தான், மூக்கு கேட்காதே.

ஒன்று மறந்துவிட்டேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுபோங்கள். தாகத்தில் கடல் தண்ணீரைக் குடித்துவிட்டு வழியெல்லாம் காரில் வாந்தி எடுத்த நாய்களை நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

எங்கள் ராஜபாளையம் எவ்வளவு கூப்பிட்டாலும் கேமரா பக்கம் திரும்ப மாட்டேன் என்கிறது. ரொம்பத் திமிரா? – வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

திமிர் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அது தூங்கும்போது பின்னால் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். காதுகூட அசையவில்லை என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முழு வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்கும் உள்ள இந்த இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. எந்த நிறமிக் குறைவு உடம்பை வெள்ளையாக்குகிறதோ, அதேதான் உள்காதையும் பாதிக்கிறது. தபால்துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டு மரியாதை செய்த நாய், பாவம், நாம் அதைத் திமிர் பிடித்தது என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆவணியில் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு தோப்பில் இப்படி ஒன்றை எடுத்தேன். கூப்பிடுவது, விசில், பொம்மைச் சத்தம் எதற்கும் பலன் இல்லை. வீட்டு அம்மா வந்து பேசாமல் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினார், அதிர்வு போயிருக்க வேண்டும், சட்டென்று திரும்பி நேராகப் பார்த்தது. அந்த அம்மாவை என் பின்னாலேயே நிற்கவைத்துக்கொண்டேன். காது கேட்காத நாய்க்கு ஒரு நன்மையும் உண்டு, கேமரா சத்தத்துக்கு மிரளவே மிரளாது.

அக்கா, எங்க வீட்டில் காங்கேயம் கன்றுக்குட்டி பிறந்திருக்கு. சிவப்பா இருக்கு. அம்மா மாடு வெள்ளை. அப்பா பெரிசானா மாறிடும்னு சொல்றார். நிஜமா? போட்டோ எப்படி எடுக்கணும்? – ஏழாம் வகுப்பு மாணவி, காங்கேயம்

அப்பா சொல்வது நிஜம், கண்ணு. காங்கேயம் கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் ஆகும்போது சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இன்றைக்கே ஒரு இடத்தைத் தேர்ந்தெடு, தொழுவக் கம்பம், கிணற்றடி, எதுவானாலும் சரி. மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே நேரத்தில் ஒரு படம் எடு. ஆறேழு படத்தை வரிசையாக வைத்தால் நிறம் மாறுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். என்னால் அதைச் செய்ய முடியாது பார், நான் உங்கள் ஊருக்கு ஒருநாள் வந்துவிட்டுப் போகிற ஆள், நீ தினமும் இருப்பவள்.

எடுக்கும்போது குந்தி உட்கார்ந்து அதன் கண் உயரத்துக்கு வா. பின்னால் இருந்து போகாதே. மாட்டுக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது, அங்கேயிருந்து வந்தால் உதை நிச்சயம். அப்புறம் தாய் மாடு தலையைத் தாழ்த்தி உன்னையே பார்த்தால் போட்டோ போதும் என்று அர்த்தம். எழுந்து மெதுவாக வந்துவிடு.

நாயோடு முதுமலைக்கோ வால்பாறைக்கோ போய் காட்டுப் பின்னணியில் எடுக்க ஆசைப்படுகிறோம். நீங்கள் போனீர்களா? – வாசகி, கோயம்புத்தூர்

போகவில்லை, போக மாட்டேன், நீங்களும் தயவுசெய்து போகாதீர்கள். முதுமலை புலிகள் காப்பகம். வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம், அங்கே தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே சிறுத்தை நடமாட்டம் உண்டு. சிறுத்தைக்கு நாய் என்றால் நமக்குப் பஜ்ஜி மாதிரி.

நாய்க்கு ஆபத்து என்பது பாதிதான். மறுபாதி காட்டுக்கு ஆபத்து. நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் புகுந்து அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைச் சாகடித்தது. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது கண்டுபிடிக்கப்பட்டதும் இதே வைரஸ்தான். நம் நாய் தடுப்பூசி போட்டது, சுத்தமானது, சரி. ஆனால் ஒரு அழகான படத்துக்காக அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்க விரும்பவில்லை.

பச்சைப் பின்னணிதான் வேண்டும் என்றால் தெரிந்தவர்களின் தோப்பு, அனுமதி வாங்கிக்கொண்டு ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டம், அவ்வளவு போதும். நான் ஏற்காட்டில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு எந்தக் காடு என்று கேட்டவர்கள் நிறையப் பேர்.

நாயை ரயிலில் கூட்டிப்போக முடியுமா? – வாசகர், விழுப்புரம்

முடியும். முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூப்பேயோ நாலு பேர் அறையோ முழுவதையும் நீங்களே எடுத்தால் கூடவே வரலாம். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டு. அந்தக் கூண்டில் ஒரு ராத்திரி என் நாயை நான் ஏற்ற மாட்டேன், அதனால் காரில்தான் அலைந்தேன். பெட்ரோல் செலவைக் கேட்காதீர்கள்.

வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கிறோம். தோள்மேல் உட்காரும். வெளியில் வைத்து எடுத்துத் தருவீர்களா? – வாசகர், தாம்பரம்

மாட்டேன். நம் நாட்டுக் கிளிகளைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான், மீன்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள் இந்த வரியை இரண்டாம்முறை படியுங்கள். பக்கத்தில் இருக்கும் வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களாகப் பறக்கவிட வேண்டாம், வீட்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்கை கொத்திவிடும்.

அக்னி நட்சத்திரத்தில் என்ன செய்தீர்கள்? எங்கள் ஊரில் நாங்களே வெளியே தலைகாட்ட முடியாது. – வாசகி, சேலம்

ஒன்றும் செய்யவில்லை, அதுதான் சரியான வேலை. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை காலையில் ஐந்தே முக்காலுக்கு ஆரம்பித்து ஏழேகாலுக்குப் பையைக் கட்டிவிடுவேன். சாயங்காலமும் வேண்டாம், சூரியன் போன பிறகும் தார் ரோடு கொதித்துக்கொண்டுதான் இருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு எண்ணுங்கள். கை பொறுக்கவில்லை என்றால் நாயின் பாதமும் பொறுக்காது. செருப்புப் போட்டுக்கொண்டு நாம் நடக்க, அது வெறுங்காலோடு பின்னால் வருகிறது என்பதே நமக்கு மறந்துபோகிறது.

நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம். மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் அந்த ஈரமும் சரியாகக் காயாது. பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு மூச்சு வாங்குவதே பாதிதான் வேலை செய்யும்.

பங்குனிக் கடைசியில் ஒரு பக், பிறந்தநாள் தொப்பியோடு வந்திருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை. மூச்சில் கரகரவென்று ஒரு சத்தம், நாக்கு நுனி அகலமாக விரிந்து கருஞ்சிவப்பாகிவிட்டது, எச்சில் பசை மாதிரி தொங்கியது. கேமராவை மூடிவிட்டேன். நிழலுக்குத் தூக்கிப்போய் வயிறு, அக்குள், பாதம் எல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றி, காரில் ஏசியை முழுசாக வைத்து மருத்துவரிடம் போகச் சொன்னேன். “இன்னும் கேக் வெட்டலையே” என்றது கூட வந்த குழந்தை. சாயங்காலம் கேக் வெட்டின படம் போனுக்கு வந்தது, தொப்பி இல்லாமல். முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், அவர்கள் வாங்க மறுத்து பிறகு ஐப்பசியில் வந்து எடுத்துக்கொண்டார்கள்.

மழையில் எடுத்தது உண்டா? – வாசகர், கடலூர்

மழை நின்ற அரைமணி நேரத்தில் எடுப்பதுதான் எனக்குப் பிடிக்கும். வெளிச்சம் மெத்து மெத்தென்று இருக்கும், இலையெல்லாம் கழுவி விட்டது போல. ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படிந்து பதினைந்து நிமிஷம் ஒன்றும் தெரியாது, அதனால் அரைமணி முன்னாலேயே பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். ஆனால் தேங்கின தண்ணீரில் நாயைக் குதிக்கவிட்டு எடுக்காதீர்கள், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் வருகிறது, நாய்க்கும் வரும், படுத்துக்கொண்டு படம் எடுக்கிற எனக்கும் வரும். வீட்டுக்கு வந்ததும் காதுமடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். தீபாவளி வாரம் மட்டும் யார் கேட்டாலும் எடுப்பதில்லை. ஒரு வெடிச் சத்தம் போதும், மாசி மாதக் கதைதான் மறுபடியும்.

பூனையை வெளியில் எடுக்க முடியுமா? – வாசகி, திருச்சி

மொட்டைமாடி வரை. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். நாய் உங்களோடு இருந்தால் எந்த இடமும் அதற்கு வீடு, பூனைக்கு இடம்தான் வீடு. கூடையில் வைத்துப் பூங்காவுக்குக் கொண்டுபோன மூன்று பூனைகளும் கூடையை விட்டு இறங்கவே இல்லை, மூன்று கூடைப் படம்தான் என்னிடம் இருக்கிறது. மாடியில் விடிகாலை ஆறுமணிக்கு, கைப்பிடிச் சுவர் ஓரம் ஆள் நின்றுகொண்டு, நீங்கள் தரையில் படுத்து ஏதாவது படித்துக்கொண்டிருங்கள். கூப்பிட்டால் வராது, கவனிக்காமல் இருந்தால் வந்து பார்க்கும்.

மகளே, இத்தனை மிருகங்களோடு பழகுகிறாய், கடிபட்டதே இல்லையா? – மூத்த வாசகர், நாகர்கோவில்

இரண்டு தடவை, ஐயா. இரண்டுமே வீட்டு நாய், தடுப்பூசி போட்டதுதான். இருந்தாலும் குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். இந்தத் தொழிலுக்காக முன்கூட்டியே மூன்று ஊசி போட்டு வைத்திருக்கிறேன். அப்படிப் போட்டவர்களுக்கும் கடிபட்டால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என்று இரண்டு ஊசி உண்டு. போடாதவர்களுக்கு அதற்கு மேல். மஞ்சள், சுண்ணாம்பு வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை, தயவுசெய்து வேண்டாம். ரேபீஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது.

மானம் போனது என்னவோ ஒரு வெள்ளாட்டால்தான். குனிந்து லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரே முட்டு. அதற்கு ஊசி இல்லை.

என்ன கேமரா, எவ்வளவு கட்டணம்? – பலர், பல ஊர்

கேமரா எதுவானாலும் ஓடுகிற நாய்க்கு ஷட்டர் வேகம் ஆயிரத்தில் ஒரு நொடிக்குக் குறையக் கூடாது. 2019 வாக்கில் சோனி கேமராக்களில் விலங்குகளின் கண்ணைத் தானே பிடித்து ஃபோகஸ் செய்கிற வசதி வந்தது, இப்போது மற்ற கம்பெனிகளிலும் இருக்கிறது, என் வேலை பாதி குறைந்தது. பொம்மை வாங்கினால் நீலமோ மஞ்சளோ வாங்குங்கள். நாய்க்குச் சிவப்பு தெரியாது, பச்சைப் புல்லில் சிவப்புப் பந்தைப் போட்டுவிட்டு ஏன் எடுக்கவில்லை என்று திட்டக் கூடாது. கட்டணம் நேரில்.

இந்த ஒரு வருஷத்தில் மறக்க முடியாத நாள் எது? – வாசகி, சிவகங்கை

உங்கள் மாவட்டத்துக்காரர்களோடுதான். பங்குனியில் டெல்டா பக்கம் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். சில நூறு ஆடுகள், அவற்றை ஊர் ஊராக ஓட்டி மேய்க்கிற ஒரு கீதாரி, அவர் குடும்பம், இரண்டு நாய்கள். இரண்டும் இன்ன இனம் என்று சொல்ல முடியாத நாய்கள், ஒன்றுக்குக் காதில் பாதி இல்லை. இரண்டு ராத்திரி அங்கேயே தங்கினேன். அந்தக் காதறுந்த நாய் என்னை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினேன், திரும்பவில்லை. பட்டிக்கு வெளியே படுத்து, கண்ணை இருட்டுக்குள்ளேயே வைத்திருந்தது. ஒரு ஆடு தும்மினால் எழுந்து ஒரு சுற்று, மறுபடி படுக்கை.

கீதாரி கேட்டார், “இவனை எதுக்கு ஆத்தா எடுக்குற? விலை போற கிடா அந்தா நிக்குது, அதை எடு.” நான் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தேன். இரண்டாம் நாள் விடிகாலை, பனியும் ஆடு கிளப்பின புழுதியும் கலந்து ஒரே வெண்புகையாக இருந்தபோது, நாய் எழுந்து உடம்பை நீட்டி முறித்துவிட்டுக் கீதாரியின் காலில் தலையை ஒருமுறை வைத்து எடுத்தது. அரை நொடி இருக்கும். கயிறு கிடையாது, பட்டை கிடையாது, அந்த மாசி மாத மூன்று ஃப்ரேமை விட்டால், அந்த வருஷத்தில் கயிறே இல்லாமல் நான் எடுத்த நாய்ப் படம் அது மட்டும்தான், அந்த நாயைக் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் வந்ததில்லை.

ஆடி மாதம் பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு, போன் செய்து கேட்டுக் கேட்டுக் கிடை எங்கே இருக்கிறது என்று தேடிப் போய்க் கொடுத்தேன். கீதாரி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் தகரப்பெட்டி மூடியின் உள்பக்கம், ரேஷன் கார்டு செருகி வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினார்.

எங்கள் நாய்க்குப் பதினாலு வயசு. பின்னங்கால் வரவில்லை. திண்ணையை விட்டு இறங்காது. இனிமேல் வெளியில் எடுக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். – வாசகி, கும்பகோணம்

திண்ணை வெளிதானே அம்மா? இறக்க வேண்டாம், தூக்கவும் வேண்டாம், மூட்டு வலிக்கும். குளிப்பாட்டி அலங்காரம் எதுவும் செய்யாதீர்கள். கிடக்கிற பழைய சாக்கோ போர்வையோ அதுவே இருக்கட்டும், அதன் வாசனை அதற்குத் தெரியும். கண்ணில் புரை விழுந்திருந்தால் ஃபிளாஷ் வேண்டாம். தெருவைப் பார்த்துப் படுத்திருக்கும் இல்லையா, நீங்கள் தெருவில் இறங்கி உட்கார்ந்துகொண்டால் அதன் கண் உயரத்துக்குச் சரியாக இருக்கும், திண்ணைக்கு அந்த வசதி உண்டு.

வயசான நாய்கள் நாள் பூராவும் தூங்கினாலும் ஏதோ ஒரு சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கும். ஒரு வீட்டில் ஸ்கூல் வேன் ஹாரன், இன்னொரு வீட்டில் மாவு மெஷின் நிற்கிற சத்தம். உங்கள் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள், பால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மட்டும் வாலை ஆட்டும் என்று. அடுத்த மாதம் தஞ்சாவூருக்கு ஒரு வேலையாக வருகிறேன். பால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.